நெடும்படகுகள்: கடலிலும் ஆற்றிலும் ஓடிய வைக்கிங் படகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைக்கிங் என்றதும் பலருக்குக் கோடாரியும் தாடியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள் ஏறி வந்த படகு. அந்தப் படகு இல்லாவிட்டால் பாரிஸுக்கும் கியேவுக்கும் அவர்கள் பெயரே தெரிந்திருக்காது. என்னிடம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நானே தேடிப் படித்து விடை கண்டுகொண்ட சிலவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

நெடும்படகு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நெடும்படகைக் குறிக்கும் லாங்போட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, குழப்பமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒன்று, 8ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை நார்வே, டென்மார்க், ஸ்வீடன் பக்கத்து மக்கள் ஓட்டிய நீண்டு ஒடுங்கிய படகு. அவர்கள் மொழியிலேயே அதற்கு 'லாங்ஸ்கிப்', நீண்ட கப்பல், என்றுதான் பெயர். மற்றொன்று, பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்கள் தங்கள் தளத்தில் ஏற்றி வைத்திருந்த பெரிய துணைப்படகு. இரண்டுக்கும் பெயரைத் தவிர அதிக உறவில்லை. இந்தப் பக்கம் முதலாவதைப் பற்றியது, இரண்டாவதைப் பற்றிக் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரே படகு கடலிலும் ஆற்றிலும் எப்படி ஓடியது? கடல் கப்பலுக்கு ஆழம் வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு போர்ப்படகு, அறுபது எழுபது ஆட்களோடு மிதக்கும்போது, தண்ணீருக்குள் இறங்கியிருப்பது சுமார் ஒரு மீட்டர்தான். அதைவிடச் சிறிய 17 மீட்டர் படகு ஒன்று சுமார் 60 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். அதாவது ஒரு ஆள் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கையால் பிடித்து நிறுத்தலாம்.

இதனால் என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். துறைமுகம் தேவையில்லை, மணற்கரையில் நேராக ஏற்றிவிடலாம். கழிமுகத்தில் மணல்திட்டு இருந்தாலும் தாண்டிவிடலாம். ஆற்றுக்குள் நுழைந்தபின் பாயை இறக்கிவிட்டுத் தண்டு, அதாவது நீண்ட துடுப்பு, வலித்துக்கொண்டு எதிர்நீச்சலில் போகலாம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர்மையாக இருப்பதால் ஒடுங்கிய ஆற்றில் படகைத் திருப்பச் சிரமப்பட வேண்டாம், ஆட்கள் திரும்பி உட்கார்ந்து எதிர்ப்பக்கம் வலித்தால் போதும். கடற்கரையில் காவல் வைத்துவிட்டால் உள்நாடு பத்திரம் என்று நம்பியிருந்த ஊர்களுக்கு, ஆறு என்பதே கடலிலிருந்து வீட்டு வாசலுக்குப் போட்ட சாலை என்பது ஒரு நாள் காலையில்தான் தெரியவந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. படகின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே அதிகம் உயராது. அலை பெரிதானால் தண்ணீர் உள்ளே விழும், முறை வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரம்பமே இல்லாமல் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். பலகைகளை அறுக்கவில்லை, பிளந்தார்கள். நேராக வளர்ந்த பெரிய ஓக் மரத்தை வெட்டி, பச்சையாக இருக்கும்போதே ஆப்பு அடித்து இரண்டாக, நான்காக, எட்டாக, பலாப்பழச் சுளை மாதிரி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளந்துகொண்டே போவார்கள். ஒவ்வொரு சுளையையும் கோடாரியால் செதுக்கினால் ஒரு பலகை. ரம்பம் மரத்தின் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். பிளக்கும்போது நார் முழுதாக நிற்கிறது. அதனால்தான் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை கடலைத் தாங்கியது.

இன்னொரு வேறுபாடு, கட்டும் வரிசை. முதலில் முதுகெலும்பான ஏரா மரம், அதன் இரு முனையிலும் வளைந்து எழும் முகமரங்கள். அப்புறம் பலகைகளை ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் ஏறும்படி, ஓட்டுக்கூரை போல அடுக்கி, இரும்பு ஆணியால் இறுக்குவார்கள். ஆணியின் உள்முனையில் ஒரு சின்ன இரும்புத் தகட்டை வைத்து அதன் மேல் தட்டி மடக்கிவிடுவார்கள். பலகைகளுக்கு இடையில் தார் தோய்த்த கம்பளி அல்லது விலங்கு முடி. வெளி ஓடு முழுவதும் உருவான பிறகுதான் உள்ளே விலாக்கட்டைகள் வரும். அளவுத்தாள், வரைபடம் எதுவும் கிடையாது, எல்லாம் ஓடாவியின், அதாவது படகு கட்டும் தச்சரின், கண்ணிலும் கையிலும் இருந்தது.

அந்தக் கண்ணைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கிறது. 1000ஆம் ஆண்டு வாக்கில் நார்வே மன்னர் ஓலாவ் ட்ரிக்வாசன் 'நீண்ட பாம்பு' என்று ஒரு பெரும் படகைக் கட்டச் சொன்னார். அதன் முகமரங்களைச் செதுக்கிய தோர்பெர்க் என்ற ஓடாவி வேலையாக வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார், அதற்குள் பலகை அடிக்கும் வேலை முடிந்திருந்தது. மறுநாள் காலையில் மன்னர் வந்து பார்த்தால் ஒரு பக்கத்துப் பலகை முழுவதும் வெட்டுக்காயம். செய்தவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று மன்னர் கொதித்தார். நான்தான் செய்தேன் என்றார் தோர்பெர்க். பிறகு அந்தப் பலகைகளை வெட்டுக்காயத்தின் ஆழம் வரை இழைத்து மெலிதாக்கினார். முன்பைவிட அழகாகிவிட்டது என்று எல்லாரும் சொல்ல, மறுபக்கத்தையும் அப்படியே செய்யச் சொன்னார் மன்னர். கதை எவ்வளவு தூரம் நடந்ததோ, பலகையைத் தடிமனாக விடுவதுதான் தப்பு என்று நினைத்த ஒரு தொழில் மரபு அதில் அப்படியே தெரிகிறது.

அவ்வளவு மெல்லிய பலகை அலையில் உடையாதா?

உடையாமல் இருப்பதற்கு அது வளைந்துகொடுப்பதுதான் காரணம். பழைய படகுகளில் விலாக்கட்டைகளைப் பலகையோடு ஆணியடித்து இறுக்கவில்லை. பலகையைச் செதுக்கும்போதே உள்பக்கத்தில் சின்னச் சின்ன மரக்குமிழ்களை விட்டுவைத்து, அவற்றில் துளையிட்டு, மர வேராலோ திமிங்கலத்தின் வாய்த்தகட்டிலிருந்து எடுத்த நாராலோ விலாவைக் கட்டினார்கள். அதனால் அலை ஏறும்போது படகின் உடல் சற்று நெளிந்து, இறங்கும்போது பழையபடி நிமிர்ந்துவிடும்.

இதை ஏட்டளவில் நம்பாமல் ஒருவர் செய்தே பார்த்தார். 1893இல் மாக்னுஸ் ஆண்டர்சன் என்ற நார்வே மாலுமி, நார்வேயில் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த கொக்ஸ்டாட் என்ற வைக்கிங் படகின் நகல் ஒன்றைக் கட்டி, சிகாகோ உலகக் கண்காட்சிக்காக பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தார். நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர 28 நாள். விளிம்புகள் அலைக்கு ஏற்ப முறுக்கிக்கொண்டதையும், அப்படியும் உள்ளே தண்ணீர் கசியாததையும் அவரே வியந்து எழுதியிருக்கிறார்.

எவ்வளவு பெரியவை? ஒரு படகில் எத்தனை பேர்?

இதற்கு ஒரே அளவு கிடையாது. நார்வேயில் 1880இல் தோண்டி எடுத்த கொக்ஸ்டாட் படகு 23 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், 5 மீட்டருக்குச் சற்று மேல் அகலம், பக்கத்துக்கு 16 தண்டு. 1904இல் கிடைத்த ஓசெபெர்க் படகு 21.5 மீட்டர், பக்கத்துக்கு 15 தண்டு. இவை இரண்டும் பெரிய மனிதர்களின் பயணப்படகுகள், வெறும் போருக்கென்று கட்டியவை அல்ல. அசல் போர்ப்படகு எப்படி இருக்கும் என்று பார்க்க டென்மார்க்கின் ரோஸ்கில்டே கழிமுகத்துக்கு வர வேண்டும். அங்கே ஸ்குல்டெலெவ் என்ற இடத்தில் 1962இல் ஐந்து படகுகளை எடுத்தார்கள். அதில் ஒன்று 30 மீட்டர் நீளம், 3.8 மீட்டர்தான் அகலம், 60 தண்டு. மர வளையங்களை ஆராய்ந்தபோது அது 1042இல் அயர்லாந்தின் டப்ளின் பக்கத்து ஓக் மரத்தில் கட்டியது என்று தெரிந்தது. டென்மார்க்கில் மூழ்கிய படகு பிறந்தது அயர்லாந்தில்!

அந்தப் படகுகளுக்காகக் கட்டிய அருங்காட்சியகத்தை 1990களில் விரிவாக்கத் தோண்டியபோது, அந்த மண்ணிலேயே இன்னும் சில படகுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று சுமார் 37 மீட்டர். இதுவரை கிடைத்ததில் அதுதான் மிக நீளம்.

பாயா, துடுப்பா? எவ்வளவு வேகம் போகும்?

காற்று இருந்தால் பாய்தான். நடுவில் ஒரே பாய்மரம், அதில் ஒரே சதுரப்பாய். காற்று இல்லாதபோதும், ஆற்றிலும், கரை நெருங்கும்போதும், சண்டையிலும் தண்டு. கொக்ஸ்டாட் படகில் தண்டு நுழையும் துளைகளுக்குச் சின்ன மரமூடிகள் இருந்தன. பாயில் ஓடும்போது மூடிவிட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வராது. இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் அந்த ஓடாவிகள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, நல்ல காற்றில் மணிக்கு 10 கடல்மைலைத் தொடும், அதைத் தாண்டியும் போகும். 18, 19 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டு வலித்தால் அதில் பாதிகூட வராது, அதுவும் மணிக்கணக்கில் வலிக்க முடியாது. டப்ளினில் பிறந்த அந்த 30 மீட்டர் படகின் நகலை ரோஸ்கில்டேயில் 2000 முதல் 2004 வரை கட்டி, 2007 ஜூலை 1 அன்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் டப்ளினுக்கு ஓட்டிப்போனார்கள். ஆகஸ்ட் 14 அன்று போய்ச் சேர்ந்தார்கள். வழியில் நனைந்து நடுங்கியதும், காற்றில்லாமல் காத்துக் கிடந்ததும், படுக்க இடமில்லாததும்தான் அவர்கள் சொன்ன கதைகளில் பாதி.

தண்டு வலித்தவர்கள் அடிமைகளா?

இல்லை. பிற்காலத்து மத்தியதரைக் கடல் கப்பல்களில் இருந்த வழக்கத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே தண்டு வலித்தவர்தான் கரையில் இறங்கிச் சண்டையும் போட்டார், கிடைத்ததில் அவருக்கும் பங்கு இருந்தது. ஆனால் பிடித்து விற்கப்பட்ட அடிமைகள் இதே படகுகளில் சரக்காகப் போனார்கள், அதை மறைக்கக் கூடாது.

பாயை எதில் செய்தார்கள்?

பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியில். கேட்டதும் எனக்கும் நம்ப முடியவில்லை, நனைந்தால் கனக்காதா என்றுதான் தோன்றியது. வடக்கத்திய பழைய ஆட்டினத்துக்கு வெளிப்பக்கம் நீளமான, முரட்டு முடி உண்டு, அதில் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அதை நூற்று, இறுக்கி நெய்து, அதன் மேல் கொழுப்பும் தாரும் காவி மண்ணும் பூசினால் காற்றும் ஊடுருவாது, தண்ணீரும் சீக்கிரம் ஏறாது. வடநார்வேயில் ட்ரொண்டெனெஸ் என்ற ஊரின் இடைக்காலத் தேவாலயத்தில், கூரைப் பலகைகளின் இடுக்கை அடைக்கப் பயன்பட்ட பழைய கம்பளிப் பாயின் கிழிசல்கள் கிடைத்தன. அதை வைத்துத்தான் நெசவு எப்படி இருந்தது என்று நேரடியாகப் பார்க்க முடிந்தது.

ஒரு பெரிய பாய்க்கு நூறு சதுர மீட்டர் துணி வேண்டும். தக்கிளியில் கையால் நூற்று, நின்ற தறியில் நெய்ய வேண்டும், அதைச் செய்தவர்கள் பெண்கள். படகு கட்ட ஆன உழைப்பைவிடப் பாய்க்கு ஆன உழைப்பு குறைவில்லை, நகல் பாய்களை நெய்து பார்த்தவர்கள் அது அதிகம் என்றே சொல்கிறார்கள். படகைப் பற்றிப் பேசும்போது ஓடாவியின் பெயராவது கதையில் நிற்கிறது, நூற்றவர்களின் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சாப்பாடு, தூக்கம்?

முடிந்தவரை மாலையில் கரை ஒதுங்குவார்கள். கரையில் கூடாரம், இரும்புக் கொப்பரையில் சமையல். கடலிலேயே இரவு தங்க நேர்ந்தால் பச்சைக் குளிரில் தளத்தின் மேல் படுக்க வேண்டியதுதான், கீழ்த்தளம் என்று ஒன்று கிடையாது. கைவசம் காற்றில் காயவைத்த காட் மீன் கருவாடு, உலர்ந்த இறைச்சி, வெண்ணெய், புளித்த பால், தண்ணீர்.

திசைகாட்டி இல்லாமல் எப்படி வழி கண்டுபிடித்தார்கள்?

சூரியன், துருவ நட்சத்திரம், காற்றின் போக்கு, அலையின் போக்கு, பறவைகள், திமிங்கலங்கள். நார்வேயிலிருந்து கிரீன்லாந்துக்குப் போக ஒரு பழைய வழிக்குறிப்பு இருக்கிறது: நேர் மேற்கே போ, ஷெட்லாந்துக்கு வடக்கே, வானம் தெளிவாக இருந்தால் மட்டும் அது தெரிகிற தூரத்தில் போ, ஃபாரோ தீவுகளுக்குத் தெற்கே, அங்கத்து மலைகள் பாதி மட்டும் கடலுக்கு மேல் தெரியும்படி போ, ஐஸ்லாந்துக்குத் தெற்கே, அந்தக் கரையின் பறவைகளும் திமிங்கலங்களும் கண்ணில் படுகிற தூரத்தில் போ. மலை எவ்வளவு உயரம் தெரிகிறது என்பதையே தூரக்கணக்காக வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரைகளில் மலை, கோபுரம், பனைமரம் பார்த்துக் கணித்துப் படகோட்டுகிற மீனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

மேகத்திலும் சூரியனைக் காட்டும் மந்திரக்கல் வைத்திருந்தார்கள் என்ற பேச்சு பிரபலம். எந்த வைக்கிங் படகிலும் அப்படியொரு கல் கிடைத்ததில்லை.

ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, அமெரிக்காவுக்கெல்லாம் இதில்தான் போனார்களா?

பெரும்பாலும் இல்லை, எல்லாரும் தவறாக நினைப்பது இதைத்தான். திறந்த பெருங்கடலுக்கு 'க்னார்' என்ற சரக்குப் படகு. கட்டுமான முறை ஒன்றேதான், ஆனால் குட்டையாக, அகலமாக, வயிறு ஆழமாக இருக்கும், தண்டு சிலவே, ஆட்களும் குறைவு. ஸ்குல்டெலெவில் கிடைத்த ஐந்தில் ஒன்று அப்படிப்பட்டது, 16 மீட்டர் நீளம், சுமார் 24 டன் ஏற்றும். மாடு, ஆடு, மரம், தானியம், குழந்தைகள் எல்லாவற்றோடும் குடிபெயர்ந்தவர்கள் அதில் போனார்கள். அப்படியும் கடல் இரக்கம் காட்டவில்லை. சிவப்பு எரிக் 985 வாக்கில் ஐஸ்லாந்திலிருந்து கிரீன்லாந்துக்கு 25 கப்பல்களோடு புறப்பட்டபோது போய்ச் சேர்ந்தவை 14 என்று பழைய பதிவு சொல்கிறது. நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் அவர்கள் தங்கிய இடம் 1960இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே 1021ஆம் ஆண்டு மரம் வெட்டியிருக்கிறார்கள் என்று பின்னர் உறுதியானது.

ஆற்றில் எவ்வளவு தூரம் உள்ளே போனார்கள்?

மேற்கு ஐரோப்பாவில் கிட்டத்தட்ட எந்தப் பெரிய ஆறும் மிச்சமில்லை. 843இல் லுவார் ஆற்றில் நாந்த், 844இல் குவாதல்கிவிர் ஆற்றில் செவில். 845 மார்ச்சில் 120 படகுகள் சேன் ஆற்றில் ஏறி பாரிஸை அடைந்தன. கடலிலிருந்து அங்கே ஆற்றுவழி 350 கிலோமீட்டருக்கும் மேல். மொட்டை சார்லஸ் என்று அழைக்கப்பட்ட மன்னர் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்துத்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார். வெள்ளி கிடைக்கும் என்று தெரிந்த இடத்துக்கு யார்தான் மறுபடி வர மாட்டார்கள்?

885 நவம்பரில் இன்னும் பெரிய கூட்டம் வந்தது. இந்த முறை பாரிஸில் ஆற்றின் குறுக்கே காவல்கோபுரத்தோடு பாலங்கள் இருந்தன. வந்தவர்கள் கேட்டது ஊரை அல்ல, மேலே போக வழியை. கோமகன் ஓடோவும் ஊர்க்காரர்களும் விடவில்லை, முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் பேரரசர் படையோடு வந்து, சண்டை போடாமல், மேலே போய் பர்கண்டியைக் கொள்ளையடித்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். அப்படியும் பாரிஸ்காரர்கள் பாலத்தைத் திறக்கவில்லை. அதனால் அவர்கள் படகுகளைக் கரையேற்றித் தரைவழியாக இழுத்து, ஊரைத் தாண்டி, மறுபடி ஆற்றில் இறக்கிக்கொண்டார்கள்.

தரையில் இழுத்ததெல்லாம் நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். உருளைக்கட்டை, கயிறு, ஆட்கள், மாடு இருந்தால் மாடு. பளு குறைவான படகு என்பதால் இது முடிந்தது. ஸ்காட்லாந்தில் டார்பர்ட், டார்பெட் என்று பல ஊர்ப்பெயர்கள் உண்டு, படகைத் தூக்கிக் கடக்கும் இடம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1098இல் நார்வே மன்னர் மாக்னுஸ், படகில் சுற்றிவரக்கூடிய நிலமெல்லாம் உனக்கு என்று ஸ்காட்லாந்து மன்னரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, கின்டைர் தீபகற்பத்தின் ஒடுங்கிய கழுத்தில் தன் படகை இழுக்கச் சொல்லி, சுக்கானைப் பிடித்தபடி அதில் உட்கார்ந்தே வந்தார் என்று மன்னர் கதைகள் சொல்கின்றன. அந்தத் தீபகற்பத்தைத் தீவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்! 1263இல் நார்வேப் படை படகுகளை இழுத்து லோமண்ட் ஏரிக்குள்ளே இறக்கியதும் பதிவாகியிருக்கிறது.

கிழக்கே ரஷ்ய ஆறுகளில் போனதும் இதே படகுகளா?

இங்கே கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். பால்டிக் கடலிலிருந்து இன்றைய ரஷ்யாவின் லடோகா ஏரிப் பக்கம் வரை பெரிய படகு வரும். அதற்கு மேல் வேகப்பாய்ச்சலும் பாறையும் இருப்பதால் சிறிய ஆற்றுப்படகுகளுக்கு மாறினார்கள். ருஸ் என்று அழைக்கப்பட்ட இந்த வடக்கத்தியர்கள் கியேவிலிருந்து தினீப்பர் ஆறு வழியாகக் கருங்கடல் இறங்கி கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போன பயணத்தை, பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 950 வாக்கில் தன் மகனுக்காக எழுதி வைத்தார். ஆற்றுப் பயணத்தைப் பற்றி நான் படித்ததில் இதைவிட உயிருள்ள விவரிப்பு வேறில்லை.

குளிர்காலத்தில் மலைக்காடுகளில் ஸ்லாவ் மக்கள் ஒற்றை மரத்தைக் குடைந்து ஓடு செய்து, பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிட்டுக் கியேவுக்குக் கொண்டுவந்து விற்பார்கள். ருஸ் ஆட்கள் பழைய படகுகளிலிருந்து தண்டையும் மற்ற சாமான்களையும் கழற்றிப் புதியதில் பூட்டிக்கொண்டு ஜூனில் கிளம்புவார்கள். வழியில் ஏழு பாறைப் பாய்ச்சல்கள். முதலாவதன் பெயருக்கு 'தூங்காதே' என்று பொருள். அங்கே சிலர் துணியைக் களைந்து தண்ணீரில் இறங்கி, வெறும் காலால் பாறையைத் தடவித் தடவி, மற்றவர்கள் அணியத்திலும் நடுவிலும் பின்னாலும் கழி ஊன்ற, கரையோரமாகப் படகை நகர்த்துவார்கள். நான்காவது 'ஐஃபோர்', எல்லாவற்றிலும் மோசமானது. அங்கே சரக்கை இறக்கி, பெச்செனெக் குதிரைவீரர்கள் பாயாமலிருக்கக் காவல் வைத்து, சங்கிலியில் கட்டிய அடிமைகளை ஆறு மைல் நடத்தி, படகுகளை இழுத்தும் தோளில் சுமந்தும் கடப்பார்கள். இதே பாய்ச்சல்களின் அருகில்தான் 972இல் கியேவ் இளவரசர் ஸ்வியாதோஸ்லாவ் பெச்செனெக் ஆட்களிடம் உயிர்விட்டார். அதே நூற்றாண்டில், அங்கிருந்து வெகுதூரத்தில் பால்டிக் கடலின் கோட்லாந்து தீவில், ராஃப்ன் என்பவருக்காகச் சகோதரர்கள் நட்ட நினைவுக்கல்லில் ஐஃபோர் என்ற அதே பெயர் வெட்டியிருக்கிறது. பேரரசர் ஏட்டிலும், ஊர்க்காரர்கள் கல்லிலும் ஒரே பாறையின் பெயரை எழுதியிருக்கிறார்கள். 1932இல் முடிந்த அணையின் நீரில் அந்தப் பாய்ச்சல்கள் மூழ்கிப்போய்விட்டன.

கிழக்கு வழியில் வெள்ளி வடக்கே போனது. கோட்லாந்தில் 1999இல் கிடைத்த ஒரே புதையலில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலானவை அரபு நாணயங்கள். ஸ்வீடனின் ஹெல்கோ தீவில் 1950களில் தோண்டியபோது ஒரு சின்ன வெண்கலப் புத்தர் கிடைத்தார், இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்குப் பக்கத்தில் செய்தது. கைமாறிக் கைமாறி எத்தனை படகு ஏறி வந்திருப்பாரோ.

இவர்களைத் தடுக்க வழியே இல்லையா?

இருந்தது. ஆற்றின் குறுக்கே கோட்டைப் பாலம் கட்டினால் பாதி வேலை முடிந்தது, பாரிஸில் பார்த்தோமே. தங்கள் ஊர்க் கழிமுகத்தைக் காப்பாற்ற வடக்கத்தியர்களே செய்தது இன்னும் எளிது. ஸ்குல்டெலெவின் ஐந்து படகுகளும் புயலில் மூழ்கியவை அல்ல. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எதிரிப் படகு ரோஸ்கில்டேக்கு வராமலிருக்க, வாய்க்காலை அடைக்க வேண்டுமென்றே கல்லை நிரப்பி மூழ்கடித்தவை. அந்தக் கல்லின் பாரம்தான் அவற்றை நமக்காகக் காப்பாற்றியது.

டிராகன் தலை எல்லாப் படகிலும் இருந்ததா?

இல்லை, பெரிய மனிதர்களின் படகில் இருந்திருக்கும். ஐஸ்லாந்தின் பழைய சட்டம் ஒன்று, கரை கண்ணில் படுவதற்கு முன் வாய் பிளந்த தலைகளைக் கழற்றிவிட வேண்டும் என்கிறது. நிலத்தைக் காக்கும் தேவதைகள் பயந்துவிடுமாம். எனக்குப் பிடித்த சட்டம் இது.

இறந்தவரைப் படகில் வைத்து எரித்துக் கடலில் தள்ளுவார்களாமே?

எரியும் படகைக் கடலில் மிதக்கவிடுவது சினிமாக் காட்சி. எரித்தால் கரையில் வைத்து எரித்தார்கள். 922இல் வோல்கா ஆற்றங்கரையில் ருஸ் தலைவர் ஒருவரின் படகுச் சிதையை அரபுத் தூதர் இப்னு ஃபத்லான் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார், கூடவே ஓர் அடிமைப் பெண்ணைக் கொன்றதையும். எரிக்காவிட்டால் மண்ணில் புதைத்தார்கள். ஓசெபெர்க் படகு 834இல் இரண்டு பெண்களோடு களிமண் மேட்டில் புதைந்தது, களிமண் காற்றை அண்டவிடாததால்தான் மரம் அழுகவில்லை.

அந்த ஓசெபெர்க் படகைப் பற்றி இன்னொன்று. 1980களில் அதன் நகலைக் கட்டிக் கடலில் விட்டபோது மூழ்கிவிட்டது, இது வெறும் அலங்காரப் படகு என்று பலர் முடிவுகட்டினார்கள். பிறகு ஆராய்ந்தால், நொறுங்கிய துண்டுகளை நூறாண்டுக்கு முன் ஒட்டியபோதே வடிவத்தில் பிசகு நேர்ந்திருந்தது. திருத்திய வடிவில் டோன்ஸ்பெர்க்கில் கட்டி 2012இல் இறக்கிய நகல் நன்றாக ஓடுகிறது. பழைய ஓடாவிமேல் போட்ட பழி நீங்கியது.

பிறகு ஏன் இந்தப் படகுகள் மறைந்தன?

உயரம்தான் முக்கியக் காரணம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் 'காக்' என்ற உயர்ந்த பக்கங்களுள்ள வணிகக் கப்பல் பெருகியது. அது அதிகம் ஏற்றும், ஆள் குறைவு, அதன் மேலிருந்து கீழே உள்ள தாழ்ந்த படகின் மேல் அம்பும் கல்லும் பொழியலாம். அறுபது பேரை வைத்து ஓட்டுவது ஒரு மன்னருக்குக்கூடச் செலவு. ஆனால் கட்டும் முறை சாகவில்லை. 1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்துக்குக் குதிரைகளை ஏற்றிப்போனது இதே வகைப் படகுகளில்தான். நார்வேயின் மீன்பிடிப் படகுகள் இந்த நூற்றாண்டு வரை அப்படியே கட்டப்படுகின்றன. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கப்பலில் ஏற்றி வைத்திருந்த அந்த மற்ற லாங்போட்?

பெரிய பாய்மரக் கப்பலின் துணைப்படகுகளில் மிகப் பெரியது அது. ஆழமில்லாத கரைக்குப் போய்த் தண்ணீர்ப் பீப்பாய்களையும் விறகையும் ஏற்றிவரும், நங்கூரத்தைத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டுக் கப்பலை இழுக்க உதவும், கப்பல் மூழ்கினால் உயிர் காக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை அதன் இடத்தில் 'லான்ச்' என்ற படகை வைத்தது. பவுன்டி கப்பலில் 1789இல் கலகம் நடந்தபோது தலைவர் பிளையையும் அவரோடு 18 பேரையும் 23 அடி நீள லான்சில்தான் இறக்கிவிட்டார்கள். 3,600 கடல்மைல்களுக்கும் மேல் ஓட்டி, திமோர் தீவில் கரையேறினார்கள். வழியில் தோஃபுவா தீவில் கொல்லப்பட்ட ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் உயிரோடு.

இப்போது எங்கே பார்க்கலாம்? ஏற முடியுமா?

கொக்ஸ்டாட், ஓசெபெர்க் படகுகள் ஓஸ்லோவில் இருக்கின்றன, அந்த அருங்காட்சியகம் புதிதாகக் கட்டுவதற்காக 2022இல் மூடப்பட்டது, போகும் முன் திறந்துவிட்டதா என்று பாருங்கள். ரோஸ்கில்டேயில் ஸ்குல்டெலெவின் ஐந்தும் நிற்கின்றன, வெளியே பட்டறையில் கோடாரியால் பலகை செதுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், தார் வாசனை தூரத்திலேயே வரும். கோடையில் அங்கத்துப் பழைய பாணிப் படகுகளில் கழிமுகத்துக்குள் கூட்டிப்போகிறார்கள். ஏறியதும் ஒரு தண்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள், துறையைத் தாண்டும் வரை எல்லாரும் வலிக்க வேண்டும், அப்புறம்தான் பாய் ஏறும்.